பரிசம் போடும் முன் மாப்பிள்ளைக்கும் ஒரு ரத்த டெஸ்ட்

தர்மபுரி பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 24 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீளமான கடிதத்தின் சுருக்கம் இது:

“என் அக்கா மகனுக்கு 3 வயது. ஆறு மாதத்திலேயே வெளுத்துப்போனான். தலசீமியா மேஜர் என்றார்கள். 3 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். அக்கா கட்டியது சொந்தத்தில் இல்லை. எங்கள் ஆட்கள்தான், ஆனால் எந்த உறவுமுறையும் கிடையாது. எனக்கும் சின்ன வயதிலிருந்தே ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். போன மாதம் யாரிடமும் சொல்லாமல் போய் டெஸ்ட் எடுத்தேன். ‘பீட்டா தலசீமியா டிரெய்ட்’ என்று வந்தது. அத்தை மகனை எனக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். ஆவணியில் பரிசம், தையில் கல்யாணம். அவரை எனக்குப் பிடிக்கும். அவருக்கு ஓ பாசிட்டிவ், எனக்கு பி பாசிட்டிவ், குரூப் வேறு என்பதால் பயமில்லை என்கிறார் சித்தப்பா. சொந்தத்தில் கட்டினால்தான் இந்த வியாதி வரும், அந்நியத்தில் பார் என்கிறாள் தோழி. கல்யாணத்தை நிறுத்தட்டுமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, மறைப்பதா? எச்சில் கொடுத்தால் எல்லா ஜீனையும் பார்த்துச் சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாமே, அதை எடுக்கட்டுமா? அக்கா மகனுக்கு நான் எலும்பு மஜ்ஜை கொடுக்கலாமா? அக்கா இப்போது மறுபடி 2 மாதம். நாலில் ஒன்றுதான் இப்படிப் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இனிப் பிறப்பது நன்றாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் அவசரமானது. அதனால்தான் கடிதத்தைப் படித்த அன்றே மின்னஞ்சலில் நாலு வரி அனுப்பினேன். இங்கே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கல்யாணம் தையில். அக்காவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

அக்காவுக்கு இருப்பது சில வாரங்கள்

‘நாலில் ஒன்று’ என்று டாக்டர் சொன்னது சரி. வீட்டில் புரிந்துகொண்டதுதான் தப்பு. உங்கள் ஊரில் குலுக்கல் சீட்டு நடத்துவார்கள் அல்லவா? ஒரு மாதம் பெயர் விழுந்தவருக்கு அடுத்த மாதம் விழாது, அவர் பெயரை டப்பாவிலிருந்து எடுத்துவிடுவார்கள். மரபணுவின் குலுக்கல் அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் எல்லாப் பெயரையும் மறுபடி உள்ளே போட்டுத்தான் குலுக்குகிறது. முதல் பிள்ளைக்கு வந்தது இரண்டாவது பிள்ளையை எந்த விதத்திலும் காப்பாற்றாது. இப்போது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அதே நாலில் ஒரு பங்கு ஆபத்து இருக்கிறது.

ஏன் நாலில் ஒன்று? நம் ஒவ்வொருவரிடமும், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணு இரண்டு பிரதி உண்டு, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. உங்கள் அக்காவிடம் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கின்றன. அவர் கணவரிடமும் அதே கதை. குழந்தைக்கு இருவரும் ஆளுக்கு ஒரு பிரதிதான் கொடுப்பார்கள். இரண்டுமே பழுதானதாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு, அது மேஜர். ஒன்று மட்டும் பழுதாக அமைய நாலில் இரண்டு, அது உங்களைப் போல மைனர். இரண்டுமே நன்றாக அமைய நாலில் ஒன்று. இதில் ‘பெண் வழி வியாதி’ என்று எதுவும் கிடையாது. அக்காவின் மாமியார் வீட்டில் அப்படி ஒரு பேச்சு இருந்தால், இருவரும் கொடுக்காமல் இந்த நோய் வராது என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அக்காவும் அவர் கணவரும் தலசீமியா மரபணுப் பரிசோதனைக்கு உடனே ரத்தம் கொடுக்க வேண்டும். முதல் பிள்ளையின் ரத்தத்தைவிடப் பெற்றோர் ரத்தம்தான் டாக்டர்களான எங்களுக்கு வசதி. 3 வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தம் ஏறும் பிள்ளையின் ரத்தத்தில் கொடையாளிகளின் அணுக்களும் கலந்திருக்கும். இருவரிடமும் உள்ள மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால், கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசு எடுத்து, குழந்தையிடமும் அந்த மாற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி மூலம் எடுப்பார்கள். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பார்க்கலாம், ஆனால் முடிவு வர இன்னும் நாளாகும், மனசுக்கும் பாரம். இரண்டிலும் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. பழகிய கைகளில் அது நூறில் ஒன்றுக்கும் கீழே. வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் பரிசோதனை பல காலமாக நடக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணம்தான்.

கருவில் பரிசோதனை செய்வதே குற்றம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை. ஹீமோகுளோபின் கோளாறுகளுக்காகப் பதிவு பெற்ற மையத்தில் பரிசோதிக்க அதே சட்டம் வெளிப்படையாக இடம் கொடுக்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்குவார்கள், என்ன குழந்தை என்று சொல்ல மாட்டார்கள். முடிவு மேஜர் என்று வந்தால் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதை அக்காவும் அவர் கணவரும் மட்டும் முடிவு செய்ய வேண்டும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே சட்டத்துக்குப் போதும். அதற்கு மேல் நடைமுறை கடினமாகிக்கொண்டே போகும். தொடரலாம் என்று முடிவெடுத்தாலும் முன்கூட்டியே தெரிவதில் நன்மை உண்டு: முதல் பிள்ளைக்கு நேர்ந்ததுபோல, ‘ஏன் வெளுக்கிறான்’ என்று தெரியாமல் அலைய வேண்டியிருக்காது. கலைக்கச் சொல்வதற்கென்றே இருக்கிற டெஸ்ட் என்று நினைத்து அக்கா மறுத்தால் இதைச் சொல்லுங்கள். இன்னொன்று, நாலில் மூன்று பங்கு வாய்ப்பு நல்ல செய்திக்குத்தான்.

உங்கள் ரிப்போர்ட் என்ன சொல்கிறது

இனி உங்கள் விஷயம். ரிப்போர்ட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பியது நல்ல காரியம். ஹீமோகுளோபின் 10.8. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 64, அது 80க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 56 லட்சம். இரும்புச்சத்து இல்லாமல் ரத்தம் குறைந்தவருக்கு அணுக்கள் சிறியதாகவும் இருக்கும், எண்ணிக்கையிலும் குறையும். உங்களுக்கு அணுக்கள் சிறியவை, எண்ணிக்கையோ தாராளம். 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11.4 வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரை நினைக்க வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. இத்தனை வருஷம் மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்திருக்கலாம். ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே இரண்டு எண்ணும் அச்சாகி இருக்கும்.

உறுதி செய்வது ஹெச்.பி.எல்.சி. என்ற டெஸ்ட். ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டாவுக்குப் பதில் டெல்டா என்ற சங்கிலி சேர்ந்தால் அது ஏ2 வகை. பீட்டா உற்பத்தி பாதியானவரிடம் டெல்டாவின் பங்கு உயரும். சாதாரணமாக ஏ2 சுமார் 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். உங்களுக்கு 5.3. ஆகவே நீங்கள் கேரியர், அதாவது ஒரு பழுதான பிரதியைச் சுமக்கும் மைனர் என்பதில் சந்தேகம் இல்லை.

கேரியர் என்றால் நோயாளி இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுக்க 10, 11 என்றுதான் இருக்கும், அதோடு வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம், வயதாகலாம். மைனர் முற்றி மேஜர் ஆகாது. பேரீச்சம்பழத்திலும் முருங்கைக்கீரையிலும் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அவற்றால் இந்த எண் ஏறாது. இரும்பு மாத்திரையை இப்போதே நிறுத்தாமல், உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டை ஒருமுறை பாருங்கள். குறைவாக இருந்தால் மட்டும் தொடருங்கள். கேரியருக்கும் இரும்புச்சத்து குறையலாம், அப்போது அவருக்கும் மாத்திரை வேண்டும். குறையாமலே வருஷக்கணக்கில் விழுங்குவதுதான் வீண்.

தையல்காரரின் சாக்கட்டிக் குறி

அப்படி என்ன பழுது என்று கேட்டிருந்தீர்கள். மனித டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். நான்கே எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: ஏ, டி, ஜி, சி. 11ஆம் குரோமோசோமில் 1,600 எழுத்து அளவில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, அதுதான் பீட்டா குளோபின் மரபணு. அந்த 1,600ம் ஒரே வாக்கியமாக இல்லை. மூன்று பகுதி தேவையானவை, நடுவே இரண்டு பகுதி தேவையில்லாதவை. செல் முதலில் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கும், பிறகு தேவையில்லாததை வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு அந்த எழுத்துகளிலேயே குறி இருக்கிறது, தையல்காரர் துணியில் சாக்கட்டியால் போடும் கோடு மாதிரி.

முதல் வெட்டுப் பகுதி இப்படித் தொடங்கும்: ஜி, டி, டி, ஜி, ஜி, டி. இதில் ஐந்தாவது எழுத்தான ஜி, சி ஆகிவிடுகிறது. அவ்வளவுதான். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமாக அதிகம் தென்படும் மாற்றம் இதுவே. சாக்கட்டிக் கோடு அழிந்த துணியைக் கத்தரி தப்பான இடத்தில் வெட்டுவதுபோல, செல் பெரும்பாலான நகல்களைத் தப்பாக வெட்டிவிடுகிறது. உருப்படியான பீட்டா சங்கிலி கொஞ்சம்தான் தேறும். இரண்டு பிரதியிலும் இப்படி என்றால், ஜோடி கிடைக்காத ஆல்பா சங்கிலிகள் மஜ்ஜையிலேயே செல்களுக்குள் படிந்து, முதிரும் முன்பே சிவப்பணுக்களைக் கொன்றுவிடும். உங்கள் அக்கா மகன் ஆறு மாதம் வரை நன்றாக இருந்ததற்கும் காரணம் உண்டு. கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறொரு சங்கிலி வேலை பார்க்கிறது. பிறந்த சில மாதங்களில் அது ஓய்வுக்குப் போகும். பழுது அப்போதுதான் வெளியே தெரியும்.

உலகம் முழுக்க இந்த ஒரு மரபணுவில் பீட்டா தலசீமியா உண்டாக்கும் மாற்றங்கள் 300க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. நம் நாட்டில் ஐந்தாறு மாற்றங்களே பெரும்பான்மைக் குடும்பங்களில் இருப்பதால் லேபில் முதலில் அவற்றைத் தேடுவார்கள். ஒரு வேடிக்கை: இது சிவப்பணு நோய், ஆனால் டி.என்.ஏ. எடுப்பது வெள்ளையணுவிலிருந்து. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. எடுத்த டி.என்.ஏ.யில் நமக்கு வேண்டிய துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் இரண்டு இரண்டாகப் பெருக்குவார்கள். 30 சுற்று ஓடினால் ஒரு பிரதி 107 கோடி ஆகும். கடைசி எழுத்து சி ஆக இருந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு குட்டித் துண்டை உள்ளே விட்டு, பெருகுகிறதா இல்லையா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். அந்த ஐந்தாறில் எதுவும் சிக்காவிட்டால்தான் மரபணு முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டிவரும்.

எச்சில் டெஸ்ட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரிப் பொதி டெஸ்டுகளில் பல, டி.என்.ஏ. முழுவதையும் படிப்பதில்லை, முன்பே குறித்து வைத்த சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கின்றன. நம் நாட்டில் 619 எழுத்து மொத்தமாகக் காணாமல்போகும் ஒரு வகை உண்டு, அதெல்லாம் அதில் தப்பிவிடலாம். ‘எதுவும் இல்லை’ என்று வரும் தாளை நம்பிக் கல்யாணம் செய்துகொள்வது ஆபத்து. ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிகிற ஹெச்.பி.எல்.சி. உங்களுக்கு அதைவிடப் பயன்படும்.

சொந்தமா, அந்நியமா

சித்தப்பா சொன்ன குரூப் கணக்கை முதலில் தள்ளி வைத்துவிடலாம். ஏ, பி, ஓ குரூப்பைத் தீர்மானிக்கும் மரபணு 9ஆம் குரோமோசோமில், தலசீமியா மரபணு 11இல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஜாதகப் பொருத்தத்தோடு குரூப் பொருத்தமும் பார்க்கும் வழக்கம் எப்படியோ பரவிவிட்டது. பார்க்க வேண்டிய டெஸ்டை அது மறைக்கிறது என்பதுதான் என் ஆத்திரம்.

தோழி சொல்வதில் பாதி உண்மை. சொந்தம் என்றால் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பழுதான பிரதி இருவருக்கும் வந்திருக்க வாய்ப்பு கூடுதல். அத்தை மகன், மாமன் மகள் போன்றோர் தங்கள் டி.என்.ஏ.யில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. பொதுவாக எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க நூறில் இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. பெரிய ஆபத்து என்றும் சொல்ல மாட்டேன், ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் அக்காவையே பாருங்கள். அவர் கட்டியது சொந்தத்தில் இல்லை. ‘எங்கள் ஆட்கள்தான், உறவுமுறை கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த சமூகத்தில், பத்து தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பழுதான பிரதி உறவே தெரியாத பல வீடுகளில் உட்கார்ந்திருக்கும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தின் தங்கராஜும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரைக்கும் தங்கள் குழுவினரோடு 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சிறிய ஒரு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிய சமூகங்களும் அதில் உண்டு. ஆகவே ‘அந்நியம்’ என்று நாம் சொல்வது பல நேரம் மறந்துபோன சொந்தம். தலசீமியா விஷயத்தில் முற்றிலும் வேறு சமூகத்தவர் என்றாலும் கவசம் இல்லை. இந்தியாவில் நூறு பேரில் மூன்று நான்கு பேர் கேரியர். மலேரியா இருந்த நாடுகளில் கேரியர்கள் அந்தக் காய்ச்சலில் அதிகம் பிழைத்தார்கள் என்பதால் இந்த மாற்றம் இவ்வளவு பரவியது என்று 1949இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்னார், பிறகு வந்த ஆய்வுகள் அதை வலுவாக்கின.

இப்போது உங்கள் மாப்பிள்ளைக்குக் கணக்குப் போடலாம். உங்களுக்கு இது அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா? தெரியாது, பாதிக்குப் பாதி. அம்மாவிடமிருந்து என்றால், அப்பாவின் தங்கை மகனான உங்கள் மாப்பிள்ளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் கணக்கு மற்ற எல்லோரையும் போல நூறில் மூன்று நான்குதான். அப்பாவிடமிருந்து என்றால் அத்தைக்கு இருக்கப் பாதி வாய்ப்பு, அத்தையிடமிருந்து மகனுக்கு அதிலும் பாதி. எல்லாம் சேர்த்தால் அவர் கேரியராக இருக்க ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு. அந்நியத்தில் டெஸ்ட் எடுக்காத மாப்பிள்ளை என்றால் சுமார் முப்பதில் ஒன்று. வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டெஸ்ட் எடுத்து ‘இல்லை’ என்று வந்த அத்தை மகன், தலசீமியாவைப் பொறுத்தவரை, டெஸ்ட் எடுக்காத எந்த அந்நியரையும்விடப் பாதுகாப்பானவர். உங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் எந்தப் பக்கம் என்று தெரியும். பிறகு மாமன் வீட்டுப் பிள்ளைகளோ அத்தை வீட்டுப் பிள்ளைகளோ, யார் யார் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: நிறுத்த வேண்டாம். ஆவணிக்கு முன் மாப்பிள்ளைக்கு முழு ரத்த எண்ணிக்கையும் ஹெச்.பி.எல்.சி.யும் எடுங்கள். லேபில் ‘தலசீமியா மட்டும்’ என்று சொல்ல வேண்டாம், ரிப்போர்ட் முழுவதும் வேண்டும். ஹீமோகுளோபின் ஈ, அரிவாள் செல் போன்ற வேறு மாற்றம் அவரிடம் இருந்தால் அதுவும் உங்கள் பீட்டாவோடு சேர்ந்து குழந்தைக்கு நோய் தரலாம். அரிவாள் செல் வடநாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள், 1952இலேயே நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் அதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அவருடைய ஏ2 எல்லைக்கோட்டில் வந்தாலோ, இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தாலோ, முடிவை நம்பாமல் மரபணு டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கடுமையான இரும்புக் குறைவு ஏ2வைக் கீழே இழுத்துக் கேரியரை மறைத்துவிடும்.

மறைப்பதா, சொல்வதா

மறைக்காதீர்கள். மறைத்தால் அவரை டெஸ்டுக்கு எப்படி அனுப்புவீர்கள்? ஆனால் யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்பது உங்கள் உரிமை. உங்கள் ரிப்போர்ட் உங்களுடையது. உங்களைக் கேட்காமல் எந்த டாக்டரும் அத்தையிடம் சொல்லக் கூடாது. முதலில் அவரிடம் நேராகப் பேசுங்கள், பிடித்த மனிதர் என்று எழுதியிருக்கிறீர்களே. அதற்குப் பிறகு பெரியவர்கள். அத்தையிடம் ‘எனக்கு ஒரு குறை இருக்கிறது’ என்று ஆரம்பிக்க வேண்டாம். “அக்கா பையனுக்கு இப்படி வந்ததால குடும்பத்துல எல்லாரையும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்காங்க அத்தை, நான் பார்த்துட்டேன், எனக்கு மைனர் இருக்கு, அத்தானும் ஒருதடவை பார்த்துடட்டும்” என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், சொன்ன டாக்டர் நான்தான்.

அத்தை முகம் சுளிக்கலாம். ‘என் பையனுக்கு என்ன கேடு’ என்று கேட்கலாம். என்னிடம் வந்த குடும்பங்களில் இந்தக் கோபம் பெரும்பாலும் ஒரு வாரம் நீடிக்கும், அவ்வளவுதான். அதற்காகவும்தான் ஆவணி வரை காத்திருக்காமல் இப்போதே பேசச் சொல்கிறேன். பரிசம் போட்டு ஊருக்குச் சாப்பாடு போட்ட பிறகு இதே பேச்சுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

அவரும் கேரியர் என்று வந்தால்? அப்போதும் கதவு மூடிவிடாது. கல்யாணம் செய்துகொண்டு, ஒவ்வொரு கர்ப்பத்திலும் அக்காவுக்குச் சொன்ன அதே பரிசோதனையைச் செய்யலாம். அல்லது சோதனைக் குழாய் முறையில் கருவை உருவாக்கி, நோயில்லாத கருவை மட்டும் கருப்பையில் வைக்கலாம். அதற்குச் செலவு லட்சக்கணக்கில் ஆகும், ஒவ்வொரு முறையும் கரு தங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. தத்தெடுக்கும் தம்பதிகளும் உண்டு. இதெல்லாம் வேண்டாம் என்று இருவரும் பேசி விலகுவதும் ஒரு முடிவுதான். எது சரி என்று நான் சொல்ல முடியாது. ஒன்றைத்தான் வேண்டாம் என்பேன், இருவரும் கேரியர் என்று தெரிந்தும் சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு டெஸ்ட் இல்லாமல் இருப்பது.

அக்கா மகனுக்கு மஜ்ஜை

கேரியராக இருப்பது மஜ்ஜை கொடுக்கத் தடை இல்லை. மைனர் உள்ள உடன்பிறப்பிடமிருந்து பெற்று நலமான குழந்தைகள் இருக்கிறார்கள். தடையாக இருப்பது பொருத்தம். 6ஆம் குரோமோசோமில் உள்ள ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள் ஒத்துப்போக வேண்டும். ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளுக்குள் அது நாலில் ஒன்று, சித்திக்கு வாய்ப்பு மிகக் குறைவு. பார்ப்பதில் நஷ்டம் இல்லை, எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வையுங்கள். அக்கா வயிற்றில் இருக்கும் குழந்தை நோயில்லாமல் பிறந்து பொருந்தியும்விட்டால் பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். வேலூரில் தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1980களிலிருந்தே நடக்கிறது. சின்ன வயதில், ஈரல் கெடுவதற்கு முன் செய்தால் பலன் அதிகம்.

2023 கடைசியில் பிரிட்டனிலும் தொடர்ந்து அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மரபணுத் திருத்த சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழுதான எழுத்தை அது சரிசெய்வதில்லை. ஓய்வுக்குப் போன காமா சங்கிலியை மறுபடி வேலைக்கு அழைக்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர், அதனால் இப்போதைக்கு நம் கணக்கில் சேர்க்க முடியாது. பொருந்தும் மஜ்ஜை கிடைக்கும்வரை அக்கா மகனுக்கு வேண்டியது, தவறாமல் ரத்தம், தவறாமல் இரும்பை வெளியேற்றும் மாத்திரை. ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளே போகிறது. உடம்பு ஒரு நாளைக்கு இழப்பது ஒரு மில்லிகிராம் சுற்றுவட்டம்தான். மாத்திரையை விட்டால் அந்த இரும்பு இதயத்திலும் ஈரலிலும் போய் உட்காரும். ஃபெரிட்டின் எவ்வளவு என்று அக்காவிடம் கேளுங்கள். கடிதத்தில் அது இல்லை.

கடைசியாக, நீங்கள் முன்வந்து நிற்கும் ஒரு விஷயம். அவனுக்கு ரத்தம் கிடைக்காத நாளில் நீங்களும் அண்ணனும் கொடுக்கத் தயாராக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மஜ்ஜை மாற்று எதிர்பார்க்கும் குழந்தைக்கு ரத்த உறவினர் ரத்தத்தை ஏற்றாமல் இருப்பதே நல்லது. பின்னால் மஜ்ஜை ஒட்டிக்கொள்வதற்கு அது இடைஞ்சலாகலாம். தவிர, உங்கள் 10.8ஐப் பார்த்ததும் ரத்த வங்கியில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், 12.5 வேண்டும். அண்ணன் டெஸ்ட் எடுத்து நன்றாக இருந்தால் வங்கியில் பொதுவாகக் கொடுக்கட்டும், அது வேறு யாருக்காவது போகும், அவனுக்கு வேறு யாராவது கொடுத்தது வரும். மாப்பிள்ளைக்கும் ‘இல்லை’ என்று வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.